640 டாலர் மூடியும் ஒற்றை விற்பனையாளரும்

அரசாங்கக் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும். ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு இலாகா எதையோ அநியாய விலைக்கு வாங்கிவிட்டது என்று செய்தி வந்தால், மற்றவர்கள் "எவ்வளவு அடித்தான்?" என்று கேட்பார்கள். நமக்கு மட்டும் "எத்தனை கொட்டேஷன் வந்தது? முந்தைய விலை என்ன?" என்று கேட்கத் தோன்றும். இன்டென்ட், டெண்டர், ஒப்பீட்டுப் பட்டியல், ஆடிட் ஆட்சேபம் என்றே முப்பது வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியவன் நான். அமெரிக்க ராணுவம் விமான உதிரி பாகங்கள் வாங்கிய கதையையும் அந்தக் கண்ணோடுதான் படித்தேன். படிக்கப் படிக்க அது திருட்டுக் கதையாகத் தெரியவில்லை. அதைவிடச் சிக்கலான ஒன்றாகத் தெரிந்தது.

நம் வயதுக்காரர்களுக்கு 1980-களில் வந்த செய்திகள் நினைவிருக்கலாம். அமெரிக்கக் கடற்படை ஒரு சாதாரணச் சுத்தியலுக்கு 435 டாலர் கொடுத்தது. சி-5 என்ற ராட்சதச் சரக்கு விமானத்துக்கான காப்பி போடும் கருவியின் விலை 7,622 டாலர். ஏவாக்ஸ் ரேடார் விமானத்தில் ஒரு முக்காலியின் காலுக்கு அடியில் மாட்டும் பிளாஸ்டிக் மூடிக்கு ஆயிரம் டாலர் அளவில் விலை. இவற்றில் மிகவும் பிரபலமானது, பி-3 ஓரியன் என்ற கடல் கண்காணிப்பு விமானத்தின் கழிப்பறை மூடி. விலை 640 டாலர் சொச்சம். அன்றைக்கு ஒரு டாலர் சுமார் 12 ரூபாய். ஏழாயிரத்து எழுநூறு ரூபாய்க்கு ஒரு கழிப்பறை மூடி!

வாஷிங்டன் போஸ்ட்டின் கேலிச்சித்திரக்காரர் ஹெர்பிளாக், பாதுகாப்பு அமைச்சர் காஸ்பர் வைன்பெர்கரை அதற்குப் பிறகு வரைந்தபோதெல்லாம் கழுத்தில் ஒரு கழிப்பறை வளையத்தை மாலையாகப் போட்டே வரைந்தார். ஜனாதிபதி ரீகனே பத்திரிகையாளர் சந்திப்பில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. நாங்கள் வாங்கியது உட்காரும் வளையம் அல்ல, கழிப்பறை அமைப்பு முழுவதையும் மூடும் வார்ப்பு உறை என்றார் அவர்.

சிரிப்பாக இருந்தாலும் அவர் சொன்னது உண்மைதான். பழைய விமானங்களில் இருந்த உறைகளை மாற்ற வேண்டியிருந்தது. தேவைப்பட்டவை மொத்தம் 54. அந்த 54-க்காகத் தனியாக அச்சு செய்ய வேண்டும். அச்சுச் செலவை 54-ஆல் வகுத்தால் ஒவ்வொன்றின் தலையிலும் பெரிய தொகை விழும். இருந்தாலும் ஊர் சிரித்தபின் லாக்ஹீட் நிறுவனம் விலையை 100 டாலராகக் குறைத்து, 29,165 டாலரைத் திருப்பிக் கொடுத்தது. அப்படிக் குறைக்க முடியுமென்றால் முதலிலேயே ஏன் குறைக்கவில்லை என்று நம் ஊர் ஆடிட்டர் கேட்டிருப்பார். நானும் கேட்பேன்.

சுத்தியல் கதையும் இப்படித்தான். சுத்தியலின் விலை 15 டாலர் அளவுதான். மீதி 420 டாலர் கணக்கு முறையால் வந்தது. ஒரு பெரிய ஒப்பந்தத்தில் நூற்றுக்கணக்கான பொருட்கள் இருக்கும். நிறுவனத்தின் பொதுச் செலவை அந்தந்தப் பொருளின் மதிப்புக்குத் தகுந்தபடி பங்கிடாமல், எல்லாவற்றுக்கும் சரிசமமாகப் பங்கிட்டார்கள். கல்யாணச் செலவு மொத்தத்தையும் வாங்கிய சாமான்களின் எண்ணிக்கையால் வகுத்தால், தாலிச் சரடும் வெற்றிலைக் கட்டும் ஒரே விலை ஆகிவிடும் அல்லவா, அந்த மாதிரி. இதனால் அரசாங்கத்தின் மொத்தச் செலவு கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் எந்தப் பொருளுக்கு நியாய விலை என்ன என்று யாராலும் சொல்ல முடியாமல் போனது. மோசடியைவிட இது எனக்குப் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். விலை நியாயமா என்று தெரிய இரண்டே வழிதான். நாலு பேரிடம் கேட்டுப் பார்க்கலாம். நாலு பேர் இல்லையென்றால், இருக்கிற ஒருவரிடம் "உனக்கு என்ன அடக்கம்?" என்று கேட்கலாம். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் உரிமையை அமெரிக்க அரசுக்குக் கொடுத்தது 1962-இல் ஜனாதிபதி கென்னடி கையெழுத்திட்ட சட்டம். பேச்சுவார்த்தையில் உண்மை பேசும் சட்டம் என்று அதன் பெயரைச் சொல்லலாம். போட்டி இல்லாமல் ஒருவரிடமே வாங்கும்போது, ஒப்பந்தம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போனால், விற்பவர் தன் அடக்கக் கணக்கைக் காட்டி, அது சரியானது, முழுமையானது என்று கையெழுத்திட வேண்டும். பிறகு கணக்கு பொய் என்று தெரிந்தால் பணத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

அதில் ஒரு விலக்கும் இருந்தது. பொதுமக்களுக்குப் பெருமளவில் விற்பனையாகி, சந்தையில் விலை நிலைபெற்ற பொருளுக்கு அடக்கக் கணக்கு வேண்டாம். நியாயமான விலக்கு. கடையில் ஆயிரம் பேர் வாங்கும் டைப்ரைட்டரை அரசும் வாங்கும்போது, கடைக்காரரின் வரவு செலவைத் துருவ வேண்டியதில்லை. அந்த ஆயிரம் பேரின் பேரமே போதும். 1962-இல் சிறிய ஜன்னலாக இருந்த இந்த விலக்குதான் பிறகு பெரிய கதவானது. எப்படி என்று சொல்கிறேன்.

அதற்கு முன் விமான உதிரி பாகம் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிட வேண்டும். விமானத்தில் மாட்டும் போல்ட்டும் கடையில் வாங்கும் போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம். வித்தியாசம் காகிதத்தில் இருக்கிறது. எந்த உலோகம், எந்த வார்ப்பில் வந்தது, எந்தச் சூட்டில் பதப்படுத்தியது, யார் சோதித்தது என்று பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒரு காகிதம் கூடவே வரும். அமெரிக்காவில் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் 8130-3 என்ற படிவம் அது. அந்தக் காகிதம் இல்லாத பாகம், எவ்வளவு நன்றாக இருந்தாலும், பழைய இரும்புக்குச் சமம்.

இது வெறும் சிவப்பு நாடா அல்ல. 1989 செப்டம்பர் 8-ஆம் தேதி நார்வேயின் ஓஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் போன பார்ட்நேர் நிறுவனத்தின் கான்வேர் விமானம் கடலில் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள். வால் பகுதியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தரமில்லாத போலிகள் என்று விசாரணையில் தெரிந்தது. சமீபத்தில் 2023-இல் கூட, லண்டனிலிருந்த ஒரு வியாபார நிறுவனம் போலிச் சான்றிதழோடு ஜெட் எஞ்சின் பாகங்களை உலகம் முழுக்க விற்றது வெளிவந்து, பல விமான நிறுவனங்கள் எஞ்சின்களைக் கழற்றிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஆகவே காகிதம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் அந்தக் காகிதத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு பாகத்தைச் செய்ய அங்கீகாரம் பெற்றவர் ஒருவர்தான் என்றால், விற்கக் கூடியவரும் அவர் ஒருவர்தான். வரைபடம் அவரிடம். அச்சும் கருவிகளும் அவரிடம். வேறொருவர் அதே பாகத்தைச் செய்ய விரும்பினால், தன்னுடையதும் அதற்குச் சமம் என்று சோதனைகள் மூலம் நிரூபித்துத் தனியாக அங்கீகாரம் வாங்க வேண்டும். அமெரிக்காவில் அதற்கு வழி இருக்கிறது. சில நிறுவனங்கள் அதையே தொழிலாக வைத்திருக்கின்றன. ஆனால் வருஷத்துக்குப் பத்தோ இருபதோ விற்கிற ஒரு சின்ன வால்வுக்காக யார் அந்தச் செலவைச் செய்வார்கள்? விமானம் நாற்பது வருஷம் பறக்கும். அந்த நாற்பது வருஷமும் அந்த வால்வுக்கு ஒரே கடைதான். உயிரைக் காக்கும் அதே சான்றிதழ் கடைக்காரரின் கல்லாவையும் காக்கிறது.

நம் அலுவலகங்களில் இதற்கு "புரொப்ரைட்டரி சர்டிபிகேட்" என்று பெயர். இந்தப் பொருளை இன்னார் மட்டுமே செய்கிறார், வேறு எதுவும் எங்களுக்கு ஒத்துவராது என்று பயன்படுத்தும் பிரிவு எழுதிக் கொடுக்கும். அந்தத் தாள் வந்துவிட்டால் சிங்கிள் டெண்டர்தான். நான் வேலை செய்த இடத்தில் ஒரு வெளிநாட்டு இயந்திரத்துக்கு ரப்பர் சீல் வாங்கும்போது, இந்த விலை எப்படி வந்தது என்று விற்பனையாளரின் பிரதிநிதியைக் கேட்டேன். மனுஷர் சிரித்துக்கொண்டே, "சார், உங்களுக்கு மெஷின் ஓட வேண்டுமா, கணக்கு வேண்டுமா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. பேசாமல் கோப்பில் முந்தைய விலையைத் தேடி எடுத்து, "சென்ற முறை விலையோடு ஒப்பிடும்போது நியாயமானது" என்று எழுதி மேலே அனுப்பினோம். இதே வாக்கியம் இந்தக் கதையில் பின்னால் வரப்போகிறது.

சரி, அமெரிக்காவுக்குத் திரும்புவோம். கழிப்பறை மூடிக் கூச்சலின் நடுவே 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொள்முதலில் போட்டியைக் கட்டாயமாக்கும் சட்டம் கொண்டுவந்தது. விதிகள் பெருகின. படிவங்கள் பெருகின. பத்து வருஷத்தில் ஊசல் மறுபக்கம் போயிற்று. 1993-இல் துணை ஜனாதிபதி அல் கோர், டேவிட் லெட்டர்மேனின் இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அரசாங்கம் வாங்கும் ஒரு கண்ணாடிச் சாம்பல் கிண்ணத்தைச் சுத்தியலால் அடித்து உடைத்தார். உடைத்தால் எத்தனை துண்டாக வேண்டும் என்பதற்குக்கூட அரசு விதி எழுதி வைத்திருந்ததைக் கேலி செய்யத்தான். முந்தைய பத்தாண்டில் சுத்தியலே கேலிப்பொருள். இந்தப் பத்தாண்டில் அது கேலி செய்பவரின் கையில்!

அடுத்த வருஷம், 1994-இல், பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரி, ராணுவத்துக்கென்று தனித் தர விதிகள் எழுதுவதை விட்டுவிட்டு, முடிந்தவரை வர்த்தகச் சந்தையில் கிடைப்பதையே வாங்குங்கள் என்று உத்தரவிட்டார். அதே ஆண்டு கொள்முதலை எளிமையாக்கும் சட்டம் வந்தது. 1996-இல் இன்னொன்று. இவற்றின் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். கணினித் துறையில் தனியார் சந்தை ராணுவத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பழைய விதிகளோடு யாரும் அரசாங்கத்துக்கு விற்க முன்வரமாட்டார்கள் என்ற பயம் நியாயமானதே.

கோளாறு வரையறையில் இருந்தது. பழைய சட்டத்தில், உண்மையாகவே பொதுமக்களுக்குப் பெருமளவில் விற்ற பொருளுக்குத்தான் விலக்கு. புதிய சட்டத்தில் "அந்த வகையைச் சேர்ந்தது" என்றாலே போதும். விற்றிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, விற்பனைக்கு வைத்திருந்தாலும் போதும். அப்படி ஒரு பொருளை வர்த்தகப் பொருள் என்று ஏற்றுக்கொண்டால், "உனக்கு என்ன அடக்கம்?" என்ற கேள்விக்கு இடமில்லை. சிறிய ஜன்னல் கதவானது இப்படித்தான்.

இதன் உச்சம் சி-130ஜே என்ற ராணுவச் சரக்கு விமானம். அதை லாக்ஹீட் தன் சொந்தப் பணத்தில் உருவாக்கியது. அதன் சிவில் வடிவத்துக்கு விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சான்றிதழும் வாங்கியது. அதனால் அமெரிக்க விமானப்படை அதை வர்த்தகப் பொருளாக வாங்கியது. ஆனால் அந்தச் சிவில் வடிவம் சந்தையில் விற்பனையாகவே இல்லை. வாங்கியதெல்லாம் ராணுவங்கள். சந்தையே இல்லாத சந்தை விலை! செனட்டர் ஜான் மெக்கெய்ன் விடாமல் கேள்வி கேட்டபின், 2006-இல் அந்த ஒப்பந்தம் பழைய முறைக்கு மாற்றப்பட்டது.

சின்னப் பொருட்களில் இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. 1998-இல் பாதுகாப்புத் துறையின் தணிக்கைத் தலைவர் நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில் ஒன்று, முன்பு 57 சென்ட்டுக்கு வாங்கிய ஒரு திருகாணிக்கு, வர்த்தக விலைப்பட்டியல் முறைக்கு மாறியபின் 75 டாலருக்கு மேல் கொடுத்தது. யாரும் பொய் சொல்லவில்லை. விலைப்பட்டியலில் அச்சிட்டிருந்த விலைதான் அது. பட்டியலை அச்சிட்டதும் விற்பவர்தான் என்பதை மட்டும் வாங்குகிறவர் மறந்துவிட்டார்.

இனி டிரான்ஸ்டைம் கதை. 1993-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் தொடங்கிய நிறுவனம் இது. விமானத்துக்குச் சின்னச் சின்ன பாகங்கள் செய்யும் கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பதுதான் அதன் தொழில் முறை. பம்ப், வால்வு, இருக்கை பெல்ட், பூட்டு என்று எதுவானாலும், வேறு யாரும் செய்யாத பாகமாக இருக்க வேண்டும் என்பதில் குறி. தன் விற்பனையில் சுமார் 90 சதவீதம் தனக்கே உரிமையுள்ள பொருட்கள் என்று அந்த நிறுவனமே பங்குதாரர்களுக்குப் பெருமையாகச் சொல்லி வந்தது. கம்பெனி கைமாறிய பின் அதே பாகத்தின் விலை ஏறும். விமானம் தரையில் நிற்கும்போது யார் பேரம் பேசுவார்கள்?

2017-இல் ரோ கன்னா என்ற நாடாளுமன்ற உறுப்பினர் விசாரணை கேட்டார். 2019 பிப்ரவரியில் பாதுகாப்புத் துறைத் தணிக்கை அறிக்கை வந்தது. 47 பாகங்கள், 113 ஒப்பந்தங்கள், 2015 முதல் 2017 தொடக்கம் வரை. 15 சதவீத லாபத்தை நியாயம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார்கள். 47-இல் 46 பாகங்களில் அதற்கு மேல் லாபம். குறைந்தது 17 சதவீதம், அதிகபட்சம் 4,451 சதவீதம். கூடுதலாகப் போனது 1 கோடியே 61 லட்சம் டாலர்.

அமெரிக்க பாதுகாப்புச் செலவில் இது கால்தூசி பெறாத தொகை. அறிக்கையில் என்னை நிறுத்தியது வேறு விஷயம். வாங்கிய அதிகாரிகள் விதியை மீறவில்லை. பெரும்பாலான ஒப்பந்தங்கள் அடக்கக் கணக்கைக் கட்டாயமாகக் கேட்கக் கூடிய வரம்புக்குள் வரவே இல்லை. அப்போது அந்த வரம்பு 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர். வரம்புக்குக் கீழேயும் கேட்டுப் பார்க்கலாம், கொடுக்கத்தான் கட்டாயமில்லை. 16 முறை கேட்டார்கள். 15 முறை நிறுவனம் மறுத்துவிட்டது. இது வர்த்தகப் பொருள் என்பதும் சொன்ன காரணங்களில் ஒன்று. அதிகாரிகள் வேறு வழியில்லாமல் பழைய விலையை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, நியாயமானது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். பழைய விலையே ஊதிய விலை என்பதுதான் தணிக்கையில் தெரிந்தது. எங்கள் ரப்பர் சீல் கோப்பில் இருந்த அதே வாக்கியம்! சென்ற முறை ஏமாந்ததே இந்த முறைக்குச் சாட்சி.

2019 மே மாதம் எலைஜா கம்மிங்ஸ் தலைமையில் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பொதுவாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சி உறுப்பினர்களும் அன்றைக்கு ஒரே குரலில் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். நிறுவனம் சட்டத்தை மீறியதாகத் தணிக்கை அறிக்கை சொல்லவில்லை. தணிக்கையின் கணக்கு முறை தவறு என்றும் நிறுவனம் வாதாடியது. கடைசியில் அந்த மாதமே 1 கோடியே 61 லட்சம் டாலரையும் திருப்பிக் கொடுத்தது. பழைய லாக்ஹீட் மாதிரியேதான். சட்டத்தால் வாங்க முடியாத பணம், வெட்கத்தால் வந்தது.

விற்பவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இருபது வருஷத்துக்கு ஒருமுறை கேட்கப்போகும் பாகத்துக்காக அச்சையும் ஆட்களையும் அங்கீகாரத்தையும் வைத்துக் காப்பாற்ற வேண்டும். அதற்குச் செலவுண்டு. 15 சதவீதம் என்ற கோடும் வானத்திலிருந்து விழுந்ததல்ல, யாரோ போட்டதுதான். 40 சதவீதம் என்று சொன்னால்கூட நான் சண்டைக்குப் போகமாட்டேன். 4,451 சதவீதத்துக்கு மட்டும் எந்த அச்சுச் செலவையும் காரணமாக என்னால் ஏற்க முடியவில்லை.

நம் ஊருக்கு இது சம்பந்தமில்லாதது அல்ல. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து பறக்கும் நம் கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானம், கழிப்பறை மூடி புகழ் பி-3 ஓரியனின் வாரிசு. உடம்பு நாம் டில்லிக்குப் பறக்கும் அதே போயிங் 737 வகை. நம் விமானப்படையிடம் சி-130ஜே இருக்கிறது. பயணிகள் விமானத்திலிருந்து பிறந்த ராணுவ விமானங்களை வாங்குகிற எல்லா நாடுகளும் இந்த ஒற்றைக் கடைக்கு முன்னால்தான் வரிசையில் நிற்கின்றன.

டிரான்ஸ்டைம் அறிக்கை வருவதற்கு முந்தைய வருஷம், 2018 ஜூலை 1 முதல், அடக்கக் கணக்கைக் கட்டாயமாகக் கேட்கும் வரம்பை 7 லட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 20 லட்சம் டாலராக உயர்த்தியிருந்தார்கள். வேலை சுருங்கும் என்பதற்காக. அதன்பின் 2021 டிசம்பரில் அதே நிறுவனத்தைப் பற்றி இரண்டாவது தணிக்கை அறிக்கை வந்தது. இந்த முறை 105 பாகங்கள், 150 ஒப்பந்தங்கள், கூடுதல் லாபம் குறைந்தது 2 கோடியே 8 லட்சம் டாலர்.